கூட யார் வந்திருக்கிறார்கள்?

மதுரைப் பெரியாஸ்பத்திரியானாலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகளானாலும், இடுப்பு வலியோடு வந்து இறங்கும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்பது. சீட்டுப் போட, கையெழுத்துப் போட, வெளியே மருந்து வாங்க, ரத்தம் தேவைப்பட்டால் ஓட, துணி அலச, பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நோயாளியோடு எப்போதும் ஒருவர் இருப்பார் என்ற அனுமானத்தின் மேல்தான் நமது அரசு மருத்துவமனைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலான பெண்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு: அம்மா, மாமியார், சித்தி, நாத்தனார். பதில் இல்லாதவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. சாதி மாறிக் கட்டிக்கொண்டதால் தாய்வீட்டுக் கதவு சாத்தப்பட்டவள், சிறுவயதிலேயே தாயை இழந்தவள், செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பத்துப் பெண், ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம்களில் உறவுகள் கடலின் இருகரையிலும் சிதறிக் கிடக்க வாழ்பவள், கணவன் விட்டுப்போனவள், கல்யாணமாகாமல் சூல் கொண்டவள். தாய் உயிரோடு இருந்தும், அன்றைய கூலியை விட்டால் அடுப்பு எரியாது என்பதால் துணைக்கு வர முடியாத தாயின் மகளும் உண்டு. அவள் எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை. இவர்களுக்கு, பயிற்சி பெற்ற ஊர்ப்பெண் ஒருத்தி காசு வாங்காமல் பிரசவ அறையில் துணையிருக்கும் ஏற்பாட்டை மதுரை செய்ய வேண்டும் என்பதும், அதை மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே கொள்ள வேண்டும் என்பதும் என் வாதம்.

துணை என்பது மனத்துக்கு இதமான உபரி வசதி என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அந்த எண்ணத்தை முதலில் அசைத்த சான்று குவாத்தமாலாவிலிருந்து வந்தது. நெரிசல் மிகுந்த ஒரு பொது மருத்துவமனை. பிரசவ அறைக்குள் குடும்பத்தாரை விடும் வழக்கம் கிடையாது. மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற குழந்தை மருத்துவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், முன்பின் அறியாத ஒரு பெண்ணைத் துணையாக உட்காரவைத்தார்கள். அவள் செவிலியல்ல. முதுகைத் தேய்த்துவிட்டாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பேசிக்கொண்டிருந்தாள். 1980இல் வெளியான முடிவு இது: சிக்கலின்றிப் பெற்றவர்களில், துணையற்றவர்களுக்கு மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து பிள்ளை பிறக்க 19 மணி நேரத்துக்கு மேல் ஆனது; துணை இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 9 மணி நேரம். கென்னல் குழுவினர் அடுத்து அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஏழைகள் வந்து சேரும் ஒரு பொது மருத்துவமனையில் இதைச் சோதித்தார்கள். 1991இல் வந்த அந்த ஆய்வில், துணையில்லாத பெண்களில் 18 சதவீதத்தினருக்கு அறுவைசிகிச்சை. துணை இருந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கு மட்டுமே. அந்த ஆய்வில் மூன்றாவதாகவும் ஒரு பிரிவு இருந்தது. அறையின் ஒரு மூலையில் ஒருத்தி உட்கார்ந்து, பேசாமல், தொடாமல், நடப்பதைக் குறித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அந்தப் பிரிவில் அறுவை 13 சதவீதம். எதுவுமே செய்யாத ஒரு பெண் அறையில் இருந்ததாலேயே இவ்வளவு மாறுமென்றால், தனியாகக் கிடத்தல் உடம்பை என்ன செய்கிறது என்பதை நாம் இன்னும் சரியாக எடைபோடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நாடுநாடாக ஆய்வுகள் நடந்தன. அவற்றைத் திரட்டி 2017இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. தொடர்ச்சியான துணை பெற்றவர்களுக்கு அறுவைசிகிச்சைக்கான வாய்ப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைவு; வலிநேரம் சுமார் 40 நிமிடம் குறைவு; பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் குழந்தை சோர்ந்து கிடக்கும் நிலையும், பிரசவத்தைக் கசப்போடு நினைவுகூரும் நிலையும் குறைவு. குவாத்தமாலாவின் பத்து மணி நேர வேறுபாடு இங்கே 40 நிமிடமாகச் சுருங்கிவிட்டதை மறைக்க வேண்டியதில்லை. சான்றின் உறுதி குறைவுதான் என்று தொகுத்தவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். தனக்குத் துணை இருக்கிறதா இல்லையா என்பதைப் பெண்ணிடமும் மருத்துவரிடமும் மறைத்துவைத்துச் சோதிக்க வழியில்லையே. ஆனாலும் கேடு எதுவும் கண்டறியப்படவில்லை. பலன்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன. செலவோ மிகச் சொற்பம். இதே அளவு சான்றுள்ள ஒரு மாத்திரை இருந்திருந்தால், கொள்முதல் ஆணை எப்போதோ போயிருக்கும். பிரசவ காலம் முழுவதும் பெண் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்ததும் இந்தச் சான்றுகளை வைத்துத்தான்.

தமிழ்நாட்டுக்கு இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும், இங்கேதான் எல்லாம் நன்றாக நடக்கிறதே என்று கேட்கலாம். நடந்திருப்பது உண்மையிலேயே பெரிய காரியம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. 2018–20இல் பேறுகால மரணம் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இந்திய அளவில் 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54. இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசரப் பேறுகால சிகிச்சைக்கான சீமாங் மையங்கள், 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி, வீடுவீடாக நடந்த கிராம சுகாதார செவிலியர்கள் என்று பலர் தோள்கொடுத்துக் கட்டிய சாதனை இது. ஆனால் அதே குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை என்கிறது. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. தனியாரில் உறவுக்கூட்டம் வராந்தாவில் நிறைந்திருந்தும் அறுவை கூடுதலாகத்தானே இருக்கிறது என்பது சரியான கேள்வி. வராந்தாவில் இருப்பது துணையாகாது என்பது அதற்கான பதிலின் ஒரு பாதி. பணமும், நேரக் குறிப்பும், மருத்துவரின் வசதியும் அங்கே வேறு வகையில் வேலை செய்கின்றன என்பது மறுபாதி. துணை ஒன்றாலேயே இந்த எண்கள் சரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 'உயிரோடு வீடு திரும்பினாள்' என்ற முதல் வெற்றியை அடைந்துவிட்ட ஒரு மாநிலம், அவள் எப்படி நடத்தப்பட்டாள் என்று கேட்கும் தகுதியையும் கடமையையும் பெற்றுவிட்டது என்று சொல்கிறேன்.

பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இடம்பெயர்ந்தபோது எது கூடப் போனது, எது போகவில்லை என்று பார்க்க வேண்டும். பழைய மருத்துவச்சி இரண்டு வேலைகளைச் செய்தாள். ஒன்று, பிள்ளையை எடுப்பது. அதில் அவளுடைய கைத்திறனுக்கு எல்லை இருந்தது; ரத்தப்போக்கையும் ஜன்னியையும் அவளால் நிறுத்த முடியவில்லை; எத்தனையோ தாய்மார்கள் செத்தார்கள். அந்த வேலை மருத்துவரிடமும் செவிலியிடமும் போனது நியாயமானது, திரும்பிவரக் கூடாதது. இரண்டாவது, வலி எடுத்ததிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது, நடக்கவைப்பது, கஞ்சி புகட்டுவது, இடுப்பை நீவிவிடுவது, பயப்படாதே என்று சொல்வது, பிறகும் வந்து பச்சை உடம்புக்காரியையும் சிசுவையும் குளிப்பாட்டுவது. இந்த வேலையை யாரும் வாரிசாக ஏற்கவில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து பேரைப் பார்க்க வேண்டிய செவிலியால் ஒருத்தியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. அவளைக் குறை சொல்வது அநியாயம். 1995இல் சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் களப்பணி செய்த மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், 2003இல் வெளியிட்ட நூலில், அரசு மருத்துவமனைக்கு வந்த ஏழைப் பெண்கள் திட்டு வாங்கியதையும், ஆயாக்களுக்குக் கையூட்டுக் கொடுக்க நேர்ந்ததையும், கேட்காமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். வலி வரட்டும் என்று பெண்களே ஊசியைக் கேட்டு வாங்கியதும் அதில் உண்டு. நவீன மருத்துவத்தை அவர்கள் வெறுக்கவில்லை, அதற்குள் தங்களை மனுஷியாக நடத்தச் சொன்னார்கள். அப்போதிலிருந்து எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் இத்தகைய மீறல்கள் எப்போதும் தனியாக வந்தவள் மேல்தான் எளிதாக நடக்கும். பக்கத்தில் இருப்பவள் ஆறுதல் மட்டும் தருவதில்லை. அவள் ஒரு சாட்சி.

இங்கேதான் நமது விதிகளில் உள்ள ஒரு விடுபடலைச் சுட்ட வேண்டும். பிரசவத் துணையை அரசு மருத்துவமனைகளில் அனுமதிப்பதில் தமிழ்நாடு மத்திய அரசுக்கு முன்னோடி. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2017 இறுதியில் தொடங்கிய 'லக்‌ஷ்யா' திட்டமும் பிரசவ அறையின் தரத்தில் துணையைச் சேர்த்தது. நல்ல ஆணைகள். அவற்றின்படி துணையாக வருபவர் பொதுவாகப் பெண் உறவினராக இருக்க வேண்டும், தானும் பிள்ளை பெற்றவராக இருப்பது நல்லது; தொற்றுநோய் இருக்கக் கூடாது; சுத்தமான உடை வேண்டும்; மருத்துவப் பணியில் குறுக்கிடக் கூடாது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த அறையில் உள்ள மற்றப் பெண்களை அவர் கவனிக்கக் கூடாது. தொற்றையும் அந்தரங்கத்தையும் கருதி விதிக்கப்பட்ட நிபந்தனை அது, காரணம் விளங்குகிறது. ஆனால் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது என்ன? உறவுள்ளவளுக்குத் துணை உண்டு. உறவற்றவளுக்கு ஆணையில் துணை இல்லை. அடுத்த கட்டில்காரியின் அம்மா மனமிரங்கிக் கையைப் பிடிக்க வந்தாலும் அதற்கும் தடை. யாருக்கு இந்த ஏற்பாடு மிக அதிகமாகத் தேவையோ அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது கிடைக்கிறது. உரிமையைக் கொடுத்துவிட்டு, அதை அனுபவிக்கும் வழியை உறவுக்காரர்கள் கையில் விட்டுவிட்டோம்.

முன்பின் தெரியாத ஒருத்தி தாய்க்கு ஈடாவாளா என்பது முதல் ஆட்சேபம். நம் மண்ணே இந்தக் கேள்வியை யோசித்திருக்கிறது. காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் வர முடியாமல்போக, திருச்சிராப்பள்ளியில் இரத்தினாவதிக்கு இறைவனே தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்ற தாயுமானவர் கதையை எத்தனை தலைமுறைகள் சொல்லிவந்திருக்கின்றன. துணையின்றி ஒரு பெண் பிரசவிப்பதைத் தெய்வம்கூடப் பொறுக்காது என்று நம்பிய சமூகம் இது. ஆனால் அந்தக் கதையிலும் அந்நியர் யாரும் வர முடியவில்லை, தாயின் உருவம் தேவைப்பட்டது என்று எதிர்வாதம் வரலாம். அதற்கு ஜோகன்னஸ்பர்க்கில் பதில் இருக்கிறது. அங்கே ஏழை மக்களுக்கான ஒரு மருத்துவமனையில், உறவினர் உடனில்லாத முதல் பிரசவக்காரிகளுக்கு, மருத்துவப் பயிற்சியே இல்லாத, அதே சமூகத்தைச் சேர்ந்த தன்னார்வப் பெண்கள் மூவர் துணையிருந்தார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வில், ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்தவர்கள் துணை பெற்றோரில் 51 சதவீதம், பெறாதோரில் 29 சதவீதம். பிரசவ அறையில் சில மணி நேரம் அந்நியப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தது ஒன்றரை மாதம் கழித்துக் குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. காக்ரேன் தொகுப்பின் முந்தைய பதிப்புகள், மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல் உறவினராகவும் இல்லாமல் இருக்கும் துணையே கூடுதல் பலன் தருவதாகக் கண்டன. யோசித்தால் இதில் வியப்பில்லை. மகள் கதறும்போது தாயும் நடுங்குகிறாள். மாமியாருக்கு, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்ற கவலையும் சேர்ந்திருக்கக்கூடும். உசிலம்பட்டிப் பக்கம் பெண்சிசுக்களுக்கு நேர்ந்ததை 1980களில் நாடே படித்தது; அந்த வடு உள்ள நிலத்தில், பிறந்தது பெண் என்று கேட்டதும் முகம் சுருங்காத ஒருத்தி தலைமாட்டில் இருப்பது சிறிய விஷயமல்ல. தாய் இருக்கும்போது அவளை விலக்கிவிட்டு இவளை வைக்கச் சொல்லவில்லை. இருவரும் இருக்கலாம்; தாய் இல்லாத இடத்தில் இவளாவது இருக்க வேண்டும்.

பணியில் இருப்பவர்களின் ஆட்சேபத்தை இன்னும் கனமாக எடுத்துக்கொள்கிறேன். பெரியாஸ்பத்திரிக்கு மதுரை மட்டுமல்ல, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம், தேனி, திண்டுக்கல் என்று சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் சிக்கலான பிரசவங்கள் அனுப்பிவைக்கப்படுகின்றன. கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி குறைவான இடத்தில் இன்னும் ஒரு தலையா என்று செவிலிக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் தினமும் மாறும், எதுவும் தெரியாமல் பதறும் உறவினர்களைவிட, கை கழுவத் தெரிந்த, எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த, எப்போது செவிலியைக் கூப்பிட வேண்டும் என்று பயிற்சி பெற்ற பத்துப்பேர் வார்டுக்கு எளிதானவர்கள். கட்டிலைச் சுற்றி ஒரு திரைச்சீலை போடுவதும் கோடிகள் கேட்கும் வேலையல்ல. மருத்துவர்களின் அச்சம் வேறு: இதெல்லாம் சுகப்பிரசவ மோகத்தையும் ஆஸ்பத்திரி மீதான சந்தேகத்தையும் வளர்த்துவிடாதா? 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு பெண் இறந்தபின் அந்த அச்சத்தைத் தவறென்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு மருத்துவமனைக்குள், அதன் பதிவேட்டில், அதன் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்கிறேன். துணைக்கு வருபவள் உள்பரிசோதனை செய்ய மாட்டாள், மருந்து சொல்ல மாட்டாள், அறுவை வேண்டாம் என்று பெண்ணின் காதில் ஓத மாட்டாள். அறுவைதான் என்று முடிவானால், தியேட்டர் வாசல்வரை கையை விடாமல் கூடப் போவாள்.

என்னை அதிகம் தயங்கவைப்பது, இடதுசாரித் தோழர்களும் பெண்ணியர்களும் எழுப்பும் ஆட்சேபம்தான்: காசில்லாமல் உழைக்க எப்போதும் பெண்களையே கூப்பிடுகிறீர்கள், அரசு செவிலியர் பணியிடங்களை நிரப்பட்டும், தன்னார்வம் என்ற பெயரில் அதன் பொறுப்பைக் கழற்றிவிடாதீர்கள். நம் வட்டாரத்தில் இதற்கு வரலாறும் உண்டு. மருத்துவச்சியாகப் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சாதிப் பெண்களே இருந்தார்கள். நெல்லும் பழைய சேலையும் கூலி. பிள்ளையை எடுத்த கை தீட்டுப்பட்ட கை என்று வாசலோடு நிறுத்தப்பட்டது. அந்த ஏற்பாட்டைப் புதுப்பெயரில் மீட்டுவிடுவோமோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஆகவே இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்க மாட்டேன். பெறுபவளுக்கு இலவசம் என்பது, தருபவள் கைக்காசை இழப்பதாக இருக்கக் கூடாது: பேருந்துக் கட்டணம், இரவுச் சாப்பாடு, படுக்க ஓர் இடம், நடு இரவில் வீடு திரும்பப் பாதுகாப்பு, இழந்த கூலிக்கு ஒரு படி ஆகியவை இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது, எல்லாச் சாதியிலிருந்தும், வசதியுள்ள தெருக்களிலிருந்தும் பெண்கள் வர வேண்டும். யாருக்கு யார் என்பதை முறைவரிசைதான் தீர்மானிக்க வேண்டும். செவிலியர் பணியிடத்தைப் பொறுத்தவரை, துணை அதற்கு மாற்றில்லை என்பதை ஆணையிலேயே எழுதிவிடலாம். கேரளத்தில், குறிப்பாகக் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும், 2000ஆம் ஆண்டையொட்டி வளர்ந்த நோய்தணிப்பு இயக்கம் இதற்கு நல்ல முன்மாதிரி. கடைக்காரர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் பயிற்சி பெற்று, செவிலியோடு வீடுவீடாகச் சென்று, சாகக் கிடப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அரசு அதனால் பின்வாங்கவில்லை. 2008இல் அதற்கென்று ஒரு கொள்கையையே வகுத்தது. போகிற உயிருக்கு ஊர் கூடித் துணையிருக்க முடியுமென்றால், வருகிற உயிருக்கு முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

மதுரைக்கு ஆளும் அமைப்பும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. மதுரைத் தொழிற்குடும்பத்தில் பிறந்து, மருத்துவம் படித்து, சின்னாளபட்டியை ஒட்டி 1947இல் காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம், தமது பணியைப் பேறுகால மருத்துவத்திலிருந்துதான் தொடங்கினார். அங்குள்ள கஸ்தூர்பா மருத்துவமனை இன்றும் நடக்கிறது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்களில், சேரிகளிலும் கிராமங்களிலும் ஒருவரையொருவர் நம்பிக் கணக்கு வைக்கப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகும் பெண்களை ஏற்கெனவே பயிற்றுவித்திருக்கிறது. அங்கன்வாடிகள் வழியாக அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வளையல் அடுக்கிவிடும் அந்த நாளிலேயே, கூட வர ஆளில்லாதவள் யார் என்று தெரிந்துகொள்ளலாம். அப்போதே ஒருத்தியை அவளுக்கு அறிமுகப்படுத்திவிட்டால் வலி வரும்போது அவள் அந்நியளாக இருக்க மாட்டாள். இங்கிலாந்தின் ஹல் நகரில் 2000களின் நடுப்பகுதியில் தொடங்கிய தன்னார்வ டூலா (பிரசவத் துணைப்பெண்) திட்டம் இந்த முறையில்தான் இயங்கியது: பிரசவத்துக்குச் சில வாரம் முன்பிருந்து, பிறகும் சில வாரம்வரை. சென்னை போன்ற நகரங்களில் கட்டணம் கொடுத்து டூலாவை அமர்த்திக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. பணமுள்ளவர்கள் அதன் மதிப்பை அறிந்துதான் அமர்த்துகிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய அந்த 'சில வாரம்' என்பதை நாம் குறைத்து எண்ணிவிடக் கூடாது. முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை தவணையாகக் கணக்குக்கு வருகிறது, பரிசுப் பெட்டகமும் கிடைக்கிறது. ஆனால் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலடிக்கும் நான்காம் நாள் இரவில், சேனை தொட்டுவைக்கச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரியின் பேச்சைக் கேட்பதா செவிலி சொன்னதைக் கேட்பதா என்று தெரியாத நிலையில், தூங்காமல் அழுதுகொண்டிருப்பவளுக்கு அது மனநோயின் தொடக்கமா வெறும் அசதியா என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களில் பெண்கள் குழுக்களை வைத்து எக்ஜுட் அமைப்பு நடத்தி 2010இல் வெளியான ஆய்வு, பச்சிளங்குழந்தை மரணம் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. அதைச் செய்தவர்கள் நிபுணர்கள் அல்ல, கூடிப் பேசிய பெண்கள்.

தொடங்குவதற்கு மாநிலம் முழுவதும் ஒரே நாளில் அறிவிப்பு வேண்டாம். பெரியாஸ்பத்திரியின் பிரசவப் பிரிவில் இரவு முறையிலிருந்து தொடங்கலாம். ஆள் குறைவதும் பயம் கூடுவதும் அப்போதுதான். இருபது முப்பது பெண்கள், அவர்களில் இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த நாலைந்து பேர், ஒரு பொறுப்புச் செவிலி, பணிமேசையில் முறைவரிசைப் பட்டியலும் ஒரு கைப்பேசி எண்ணும். ஆணையில் 'பெண் உறவினர்' என்று இருக்கும் இடத்தில், 'அல்லது மருத்துவமனை பதிவு செய்த துணைப்பெண்' என்று சேர்க்க வேண்டும். பதிவு செய்யும் சீட்டிலும் ஒரு கட்டம் கூடட்டும்: கூட ஆள் இல்லையென்றால், பணிச்செவிலி யாரைக் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கட்டம் ஓராண்டு நிரப்பப்பட்டாலே, தனியாக வந்தவர்கள் எத்தனை பேர் என்பதும், அவர்களில் எத்தனை பேருக்கு அறுவை நடந்தது என்பதும், யாரும் வந்து சேராத இரவுகள் எவை என்பதும் மருத்துவமனையின் கையில் இருக்கும். அடுத்து மேலூரா, உசிலம்பட்டியா, வாடிப்பட்டியா என்பதை அந்த ஏடுகளைப் பார்த்து முடிவு செய்யலாம்.